பத்து வாட் அசைந்தால் சொல்

கோயம்புத்தூரில் வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறவர்களிடம் ஜனங்கள் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க, எந்தச் சாமான் இவ்வளவு கரண்ட் இழுக்குது?" ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்றைக்கே போன் வந்துவிடும். பதில் சொல்ல எங்களிடம் வெகுகாலம் இருந்தது ஒரு டாங் டெஸ்டர். பேஸ் கம்பியை அதன் வாய்க்குள் விட்டால் அந்த நொடியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். அவர்கள் கேட்டதோ இரண்டு மாதக் கதை. ராத்திரி இரண்டு மணிக்கு பிரிட்ஜ் என்ன செய்துகொண்டிருந்தது, கெய்சர் சுவிட்ச் எத்தனை நாள் அணைக்கப்படாமல் கிடந்தது என்பதையெல்லாம் டாங் டெஸ்டர் சொல்லாது.

மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக் அந்த இடத்தை நிரப்பியது. இன்று நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் வயரிங் வேலையே கிடையாது. பிளக்குகளை மாட்டி, அவை தரும் அளவைச் சரிபார்த்து, எதை எப்போது தெரிவிக்க வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பதுதான் வேலை. மாட்டுவது யாருக்கும் வரும். வைஃபையில் சேர்ப்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். வேலை இருப்பது அந்த மூன்றாவது பகுதியில். பிளக் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும் என்பதை ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக முடிவு செய்தாக வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே பத்துப் பிளக்கையும் மாட்டிவிட்டால் வீடு முழுக்க இரைச்சல்தான் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஈபி கட்டணத்தைப் பார்த்தால் புரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தின்படி முதல் 100 யூனிட் இலவசம்; 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை நாலரை ரூபாய், 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் பட்டியலே மாறுகிறது. 101-ஆவது யூனிட்டிலிருந்தே நாலரை ரூபாய். அதாவது அந்தக் கட்டணத்தில் 500 யூனிட் ஓட்டியவர் 1,725 ரூபாய் கட்டினார். 501 ஓட்டியவர் 1,958 ரூபாய் கட்டினார். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். அதற்குப் பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன, ஆனால் 500-ல் இருக்கும் அந்தப் படி அப்படியே இருக்கிறது. 480-க்கும் 520-க்கும் நடுவில் அல்லாடுகிற குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். நாளொன்றுக்கு 8.3 யூனிட் என்ற கோட்டுக்குள் நிற்கிறோமா என்பதை ரீடிங் எடுப்பவர் வரும்வரை காத்திராமல் அன்றன்றைக்கே தெரிந்துகொள்ள முடிந்தால், அது அவர்களுக்குப் பணம்.

பிளக்கைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ரிலே, ஒரு வைஃபை அல்லது ஜிக்பீ சிப், கூடவே அளக்கும் சிப் ஒன்று. ஹெச்எல்டபிள்யூ 8012, பிஎல் 0937, சிஎஸ்இ 7766 என்று அதற்குப் பல பெயர்கள். மின்னோட்டம் போகும் பாதையில் ஒரு மில்லி ஓம் அளவில் சின்ன உலோகத் துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் இரண்டு முனைக்கும் இடையே விழும் நுண்ணிய வோல்டேஜை வைத்து ஆம்பியரைக் கண்டுபிடிக்கிறது சிப். முதல் இரண்டு சிப்புகளும் வாட்டை எண்ணாகச் சொல்வதில்லை. துடிப்புகளாக அனுப்பும். சுமை கூடினால் துடிப்பு நெருங்கும், குறைந்தால் விலகும். ஹெச்எல்டபிள்யூ 8012 உள்ள பிளக்கில் மூன்று நான்கு வாட் இழுக்கும் சார்ஜரை மாட்டினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நொடிகள் ஓடிவிடும். அந்த நேரத்தில் நொடிக்கொரு முறை வாட் கேட்டால் பிளக்கிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அந்த அளக்கும் சிப், மெயின்ஸ் கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. உள்ளே 3.3 வோல்ட் என்று நம்பித் தொடும் இடமும் பேஸ் ஏறிக் கிடக்கலாம். டாஸ்மோட்டா போன்ற திறந்த மென்பொருளை ஏற்றுவதற்காகப் பிளக்கைத் திறந்து கம்ப்யூட்டரோடு இணைக்கிறவர்கள், அது சுவர் சாக்கெட்டில் இருக்கும்போது அந்த வேலையைச் செய்யவே கூடாது. கம்ப்யூட்டர் போகும், கை வைத்தவரும் போவார். என்னிடம் தொழில் பழக வரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்வது இதைத்தான்.

பீளமேட்டில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேறொருவர் அமைத்துவிட்டுப் போன ஏற்பாடு. ஹாலில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதில் பிளக்குகளின் செய்தியை வாங்கிவைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், வீடெங்கும் ஜிக்பீ பிளக்குகள். வாசல் கதவு சென்சார் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை. மெமரி கார்டு ஏற்கெனவே ஒருமுறை கெட்டுப்போய் மாற்றியாகிவிட்டது. பழைய கணக்கெல்லாம் போய்விட்டது என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு ஒருமுறை வாட், ஆம்பியர், வோல்டேஜ், பவர் ஃபேக்டர் என்று அத்தனையையும் அனுப்பிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒன்று என்றால் ஓர் அளவு மட்டுமே நாளைக்கு 86,400 செய்தி. நான்கு அளவு, பத்துப் பிளக் என்று பெருக்கினால் ஒரு நாளைக்கு முப்பத்து நான்கு லட்சத்துக்கு மேல். அத்தனையையும் கட்டைவிரல் நகமளவு கார்டில் எழுதிக்கொண்டே இருந்தால் அது தேயாமல் என்ன செய்யும்? அந்த வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது நாளைக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கும், கெய்சர் ஓடுகிறதா என்ற தகவலும் மட்டும்.

கதவு சென்சார் கெட்டுப்போகவில்லை. ஜிக்பீ என்ற கம்பியில்லா வலையில், மெயின்ஸில் மாட்டிய பிளக் தன் செய்தியை அனுப்புவதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பேட்டரி சென்சார்களின் செய்தியையும் வாங்கி அடுத்தவருக்குக் கடத்தும். மொத்த வலைக்கும் சேர்த்து நொடிக்கு 250 கிலோபிட்தான் வேகம், அதிலும் நிஜமாகக் கிடைப்பது இன்னும் குறைவு. பிளக்குகளே பாதையை அடைத்துக்கொண்டால், கதவு திறந்தது என்ற அந்த ஒரு செய்திக்கு இடம் கிடைக்காது.

வாட் வேறு, யூனிட் வேறு. இதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் பிளக்கை அமைக்கும்போது பலரும் மறந்துவிடுகிறார்கள். வாட் என்பது இந்த நேரத்து இழுப்பு. யூனிட் என்பது இதுவரை சேர்ந்த மொத்தம். பிளக்குக்குள் இருக்கும் சிப் விடாமல் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மொத்தத்தைப் பிளக்கே வைத்திருக்கும். பால்காரர் தினமும் ஊற்றிய படியைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவிட்டு மாதக் கடைசியில் காசு வாங்கிப்போவதைப் போல, பிளக் உள்ளே குறித்துவைத்துக்கொண்டு நாம் கேட்கும்போது கூட்டுத்தொகையைச் சொன்னால் போதும். நடுவில் நான்கு செய்தி தொலைந்தாலும் ஐந்தாவது செய்தியில் மொத்தம் சரியாக வந்துவிடும்.

இதை விட்டுவிட்டு, பிளக் அனுப்பும் வாட்டை மட்டும் வாங்கி ஹோம் அசிஸ்டன்டில் கூட்டி யூனிட் ஆக்குகிறவர்கள் உண்டு. அந்த வழியில் ஒரு குழி இருக்கிறது. ஒரு கெய்சர் பத்து மணிக்கு 0 வாட் என்று சொல்கிறது. பத்தரைக்கு ஒருவர் சுவிட்சைப் போடுகிறார். உடனே 2,000 வாட் என்று சொல்கிறது. நடுவில் செய்தி இல்லை. கூட்டும் மென்பொருள், நாம் முறை எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், இந்த இரண்டு புள்ளியையும் சாய்கோடாக இணைத்துவிடும். அதன் கணக்கில் கெய்சர் அந்த அரை மணி நேரமும் சராசரியாக 1,000 வாட் ஓடியிருக்கிறது. ஓடாத கெய்சருக்கு அரை யூனிட். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க உண்மையில் தேவைப்படுவதே ஏறக்குறைய 0.56 யூனிட்தான். ஆக, ஒரு குளியலுக்கு இரண்டு குளியல் கணக்கு விழுகிறது. வாட்டைக் கூட்டியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், முந்தைய அளவு அடுத்த செய்தி வரும்வரை அப்படியே இருந்தது என்று எடுத்துக்கொள்ளும் இடப்பக்க முறையை அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளக்கிடமே மொத்தம் இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு என்பதுதான் என் கட்சி. ஹோம் அசிஸ்டன்ட் 2021 ஆகஸ்டில் மின்கணக்குக்கென்று தனிப் பக்கம் கொண்டுவந்தபோது அதுவும் யூனிட்டைத்தான் கேட்டது.

ஆகவே யூனிட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு செய்தி போதும். டாஸ்மோட்டாவில் டெலிபீரியட் என்ற அமைப்பு பெட்டியிலிருந்தே 300 நொடியாகத்தான் இருக்கிறது. நாளைக்கு 288 செய்தி. இதை 10 நொடி வரை குறைக்கலாம் என்பதால் எல்லோரும் குறைத்துவிடுகிறார்கள். குறைத்தால் கணக்கு துல்லியமாகும் என்று நினைக்கிறார்கள். எண்ணுவது வேறு, சொல்வது வேறு. அடிக்கடி சொல்வதால் எண்ணிக்கை துல்லியமாவதில்லை.

மிச்சம் இருப்பது வாட். அதை நேரத்தை வைத்துக் கேட்காமல் மாற்றத்தை வைத்துக் கேட்க வேண்டும். இவ்வளவு அசைந்தால் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு. டாஸ்மோட்டாவில் இதற்குப் பவர்டெல்டா என்று பெயர். 1 முதல் 100 வரை எண் கொடுத்தால் அது சதவீதம். 101-லிருந்து மேலே கொடுத்தால் அதிலிருந்து 100-ஐக் கழித்து வருவது வாட். 110 என்றால் பத்து வாட் அசைந்தால் சொல் என்று பொருள். எனக்கு இந்த ஓர் அமைப்பின் மேல் தனிப் பிரியம். சாமானின் குணம் தெரிந்தால்தான் இதில் சரியான எண்ணைப் போட முடியும்.

பிரிட்ஜுக்குப் பத்து வாட் சரி. கம்ப்ரசர் ஓடும்போது நூறு வாட்டை ஒட்டி இருக்கும், நின்றால் ஒன்றிரண்டு வாட். ஏறியபோது ஒரு செய்தி, இறங்கியபோது ஒரு செய்தி. நாள் முழுக்கச் சில டஜன் செய்திகளிலேயே அதன் கதை வந்துவிடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ் என்றால் நடுநடுவே பனி உருக்கும் ஹீட்டர் ஒரு மேடு போடும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் அப்படி ஏறி இறங்காது; முப்பதிலிருந்து எழுபது வரை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கும் பத்து வாட் பொருந்துகிறது.

அதே பத்து வாட்டைக் கெய்சருக்கும் போட்டால் தொலைந்தோம். 2,000 வாட் கெய்சர் என்பது 230 வோல்டில்தான் 2,000 வாட். ஹீட்டரின் இழுப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 220 ஆனால் 1,830 வாட், 200 ஆனால் 1,512. ஒரு வோல்ட் அசைந்தாலே 17 வாட் அசைகிறது. காலை ஏழு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் நிற்காமல் ஆடும்; பிளக் அந்த ஆட்டத்தையெல்லாம் செய்தியாக்கி அனுப்பும். கெய்சருக்கு 15 சதவீதம் போட்டால் இந்த ஆட்டம் அடங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் வெட்டும்போதும் சேரும்போதும் மட்டும் பேசும். செட் டாப் பாக்ஸுக்கோ சதவீதம் ஆகாது. பத்து வாட்டில் பத்து சதவீதம் ஒரு வாட். அளக்கும் சிப்பின் சொந்த நடுக்கமே அவ்வளவு இருக்கும். பெரிய ஹீட்டர்களுக்குச் சதவீதம், சின்னச் சாமான்களுக்கு வாட் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாஷிங் மெஷின் தனி ஜாதி. டிரம் இந்தப் பக்கம் சுற்றி, நின்று, அந்தப் பக்கம் சுற்றும். வாட் சில நொடிக்கு ஒருமுறை ஐம்பதிலிருந்து முந்நூறு நானூறுக்குப் போய்த் திரும்பும். மாற்றத்தைச் சொல் என்று அதனிடம் சொன்னால் துவைத்து முடிக்கும்வரை ஓயாது. இங்கே மாற்ற அமைப்பை முழுக்க நிறுத்திவிட்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி என்று வைப்பேன். டாஸ்மோட்டாவுக்குப் பதில் இஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை ஏற்றிய பிளக்காக இருந்தால் முப்பது நொடிக்குச் சராசரி எடுத்து அனுப்பச் சொல்வேன். துவைத்து முடிந்ததும் போனில் மணி அடிக்க வேண்டும் என்று பெண்கள் கேட்பார்கள். மூன்று நிமிடம் தொடர்ந்து ஐந்து வாட்டுக்குக் கீழே இருந்தால் முடிந்தது என்று கொள்ளலாம். நடுவில் ஊறவைக்கும்போது நிற்பதை முடிந்ததாக எண்ணாமல் இருக்க அந்த மூன்று நிமிடம் வேண்டும். சில மெஷின்களுக்கு இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். ஒரு முழுச் சுற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும்.

மிக்ஸிக்குப் பிளக் கேட்பவர்கள் அதிகம். போடுகிற சத்தத்தை வைத்து அதன்மேல் சந்தேகம். 750 வாட் மிக்ஸி ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 3.75 யூனிட். டீவிக்குக் கீழே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பத்து வாட் செட் டாப் பாக்ஸ், அணைக்காமல் விட்டால், அதே இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். பிளக்கும் சும்மா இருப்பதில்லை. ஒரு வைஃபை பிளக் தன் பங்குக்கு ஏறக்குறைய ஒரு வாட் எடுத்துக்கொள்ளும். பத்துப் பிளக் மாட்டினால் இன்னொரு செட் டாப் பாக்ஸை வீட்டில் ஏற்றிவைத்த கணக்கு. அதனால் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், போன் சார்ஜர் எதற்கும் நான் நிரந்தரமாகப் பிளக் வைப்பதில்லை. ஒரு வாரம் மாட்டி அளவைக் குறித்துக்கொண்டு கழற்றி அடுத்த சாமானுக்குக் கொண்டுபோவேன். பிரிட்ஜ், கெய்சர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி என்று நான்கைந்து இடத்தில் நிலையாக இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

எப்போது பேச வேண்டும் என்று சொல்லும் இதே வேலையை ஜிக்பீ பிளக்கில் மூன்று எண்களால் செய்கிறோம். குறைந்தபட்ச இடைவெளி, அதிகபட்ச இடைவெளி, எவ்வளவு மாறினால் சொல்ல வேண்டும் என்பது. முதலாவது, எவ்வளவு ஆடினாலும் இத்தனை நொடிக்குள் மறுபடி பேசாதே என்பது. வாஷிங் மெஷினை அடக்குவது இதுதான். இரண்டாவது, ஒன்றும் மாறாவிட்டாலும் உயிரோடு இருப்பதாக ஒரு குரல் கொடு என்பது. மூன்றாவதில் கவனம் வேண்டும். அங்கே போடும் எண் பல பிளக்குகளில் வாட் கிடையாது; பிளக் உள்ளுக்குள் வைத்திருக்கும் பச்சை எண். வகுக்கும் எண் பத்தாக உள்ள பிளக்கில் 5 என்று போட்டால் அரை வாட்டுக்கெல்லாம் பேசும். ஐந்து வாட் வேண்டுமென்றால் 50 போட வேண்டும். இன்னும் சில மலிவு பிளக்குகள் இந்த அமைப்பையே ஏற்காது. தானாகச் சொல்லத் தெரியாது, கேட்டால்தான் சொல்லும். அவற்றை எவ்வளவு அடிக்கடி கேட்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வதுண்டு.

அடுத்து மின்வெட்டு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இதற்கு இடம் இருக்காது. நம் ஊரில் முதல் பாடமே இதுதான். கரண்ட் வந்ததும் பிளக் எந்த நிலையில் எழ வேண்டும்? பிரிட்ஜுக்கு எப்போதும் ஆன் என்று கட்டாயமாக வைக்க வேண்டும். கெய்சருக்கு ஆஃப். டாஸ்மோட்டாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அமைப்பு குழம்பிப்போன பிளக்கை மீட்பதற்காக, பிளக்குக்கு அடுத்தடுத்து ஏழு முறை வேகமாகக் கரண்ட் போய்வந்தால் எல்லா அமைப்பையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும்படி எழுதியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மழைக்காலச் சாயங்காலம் ஃபியூஸ் போட்டுப் போட்டுப் பார்க்கிற நம் தெருவில் அந்த ஏழு முறை தானாகவே நடக்கும். செட்ஆப்ஷன் 65-ஐ 1 ஆக்கினால் அது நின்றுவிடும். எந்த வீட்டிலும் இதைச் செய்யாமல் நான் கிளம்புவதில்லை. நேர மண்டலத்தையும் ஐந்தரை மணி என்று அப்போதே போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் பிளக்கின் நள்ளிரவு நமக்கு விடியற்காலையாகிவிடும். காலைக் கெய்சர் கணக்கு பாதி நேற்றிலும் பாதி இன்றிலும் விழும்.

அளவு சரியா என்று எப்படித் தெரியும்? பெட்டியிலிருந்து எடுத்த பிளக்குகள் இரண்டை ஒரே சாமானில் மாற்றி மாற்றி மாட்டினால் ஒரே எண் வராது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மீட்டர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கிறது. ஈபி மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும். 3,200 என்று இருந்தால் ஒரு மினுக்கல் 1,125 ஜூல். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி சார்ஜ் கணக்கு உள்ளே கலந்துவிடும். பிறகு பிளக்கில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு. சரியாக நூறு வாட் இழுத்தால் 11.25 நொடிக்கு ஒருமுறை மினுக்கும். முதல் மினுக்கலைப் பூஜ்யம் என்று வைத்துப் பத்து வரை எண்ணி நேரம் பார்க்கிறேன். 112.5 நொடி ஆனால் நூறு வாட். 120 நொடி ஆனால் சுமார் 94 வாட். பிளக் தனக்கென்று எடுக்கும் ஒரு வாட்டை அதில் கழித்துக்கொண்டு, மல்டிமீட்டரில் பார்த்த வோல்டேஜையும் சேர்த்துப் பிளக்கில் ஏற்றிவிடுவேன். குண்டு பல்பு எதற்கென்றால் அதில் பவர் ஃபேக்டர் சிக்கல் இல்லை. வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்பியர் நேராக வந்துவிடும். எல்இடி பல்பை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் கோணும். கடைகளில் குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிச் சரிபார்த்த பிளக் காட்டிக்கொடுக்கும் விஷயங்கள் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம். கணபதியில் ஒரு வீட்டில் பிரிட்ஜின் வாட் கோடு இறங்கவே இல்லை. ஏறியது ஏறியபடி. கதவு ரப்பர் ஒரு மூலையில் விறைத்துப்போய் இடைவெளி விட்டிருந்தது. ரப்பரை மாற்றிய அன்று சாயங்காலமே கோடு பழையபடி மேடும் பள்ளமுமாக ஆயிற்று. அதைக் காட்ட நொடிக்கு நொடி செய்தி தேவைப்படவில்லை. பத்து வாட் அசைந்தால் சொல் என்று மட்டும் சொல்லியிருந்தோம், அது அசையவே இல்லை என்பதே செய்தியாக வந்தது.

வடவள்ளியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் வீடு. மகன் வெளிநாட்டில். அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று எல்லாச் சாமானுக்கும் பிளக் கேட்டிருந்தார். டீவிக்கு மாட்டப் போனபோது அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நான் எப்ப டீவி போடறேன், எப்ப அணைக்கறேன்னு எல்லாம் அவனுக்குத் தெரியோணுமா கண்ணு?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மகனுக்குப் போன் போட்டேன். வாட் கோட்டைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், எந்த நாளில் யாருமே இல்லை என்பதெல்லாம் வெட்டவெளிச்சம் என்று விளக்கினேன். அவர் புரிந்துகொண்டார். வாட் விவரம் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியோடு நின்றுவிட வேண்டும். வெளியே போவது நாளுக்கு ஒரு மொத்த யூனிட்டும், காலை பத்து மணிக்குள் சமையலறையில் எதுவும் ஓடாவிட்டால் ஒரு தகவலும் மட்டும் என்று ஏற்பாடு செய்தோம். டீவிக்குப் பிளக் இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் வேலை தொடங்கும் முன் அந்த வீட்டில் புழங்குகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எது எங்கே போகும் என்று சொல்லிவிடுகிறேன்.

ஏசிக்கும் தண்ணி மோட்டாருக்கும் பிளக் வைக்க மாட்டேன். 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் ராத்திரி முழுக்க ஓடும் ஏசி, தளர்ந்த சாக்கெட்டில் செருகிய பிளக்கைச் சுட்டுவிடும். மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப்போல ஐந்தாறு மடங்கு இழுத்து ரிலேயின் முனையை ஒட்டவைக்கும். 3,000 வாட் கெய்சர் 13 ஆம்பியர், அதற்கும் வேண்டாம். இவற்றுக்கு மெயின் போர்டுக்குள் கம்பியைச் சுற்றி மாட்டும் சிடி காயில் வைத்த மீட்டர்தான் சரி. த்ரீ பேஸ் வீடென்றால் மூன்று சிடி. மொத்த வீட்டையும் அது அளந்துவிடும். பிளக்குகளின் கூட்டுத்தொகையை அதிலிருந்து கழித்தால் வருவது ஃபேன், லைட், ஏசி எல்லாம் சேர்ந்த மீதி. அந்த மீதி பெரிதாக இருக்கும் வீடுகளில் பழைய 75 வாட் ஃபேன்கள் ஓடிக்கொண்டிருக்கும். 30 வாட்டை ஒட்டி ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

வேலை முடிந்ததும் மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிட்டு வருகிறேன். எந்தப் பிளக் எந்தச் சாமானில், எவ்வளவு மாறினால் பேசும், எத்தனை நொடிக்கு ஒருமுறை மொத்தம் சொல்லும், கரண்ட் வந்ததும் எந்த நிலையில் எழும், எந்தத் தேதியில் குண்டு பல்பு வைத்துச் சரிபார்த்தது, அன்றைக்கு ஈபி மீட்டர் ரீடிங் என்ன என்று அதில் எழுதியிருப்பேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அடுத்த ரீடிங் எடுத்த பிறகு வீட்டுக்காரர் ஈபி யூனிட்டையும் நம் சிடி மீட்டரின் மொத்தத்தையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று யூனிட் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் என்னையோ, நான் இல்லாவிட்டால் வேறு வயர்மேனையோ கூப்பிட வேண்டும். வருகிறவருக்குத் தொடங்கும் இடம் அந்தத் தாளில் இருக்கிறது.